முதலில் நடக்க வழி, பிறகு இருக்கக் கதிரை

வாசகர் கேள்விகளும் ஓய்வுபெற்ற படவரைஞரின் பதில்களும்

கறையான், கூரைக் கசிவு, கிணற்றுக் கட்டு எல்லாவற்றையும் இம்முறை ஒதுக்கி வைத்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றன: ஹோல் கோணல், தளபாடம் அடங்கவில்லை. கையால் ஒரு படம் கீறி அளவும் எழுதி அனுப்பியவர்களுக்கே பதில் தந்திருக்கிறேன். ‘பெரிய ஹோல்’, ‘சின்ன ஹோல்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. ஊரார் வீடுகளுக்குப் படம் வரைந்தே நரைத்தவள் நான். அடியும் அங்குலமும் இல்லாமல் என் கை அசையாது.

கேள்வி: அக்கா, எங்களுடையது சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடு. முதலில் ஹோல் 10 அடிக்கு 12 அடி. பிறகு முன் விறாந்தையை அடைத்து 6 அடி சேர்த்தோம். அதற்கும் பிறகு, பின்பக்கத்தில் வடக்குச் சுவரை உடைத்து 8 அடிக்கு 9 அடியில் ஒரு துண்டு எடுத்தோம். இப்போது ஹோல் ‘ட’ வடிவில் நிற்கிறது. முன்கதவு கிழக்கில், தெற்கு மூலையோடு. பக்கத்தில் ஒரு யன்னல். தெற்குச் சுவரில் இரண்டு அறைக் கதவுகள், மேற்கில் குசினிக் கதவு, புதிய துண்டின் வடக்கில் கிணற்றடிக் கதவு. இவர் கட்டாரிலிருந்து வந்ததும் மூன்று-இரண்டு-ஒன்று சோபா செற் வாங்கினார். 43 அங்குலத் தொலைக்காட்சியும் ஆறு பேர் சாப்பாட்டு மேசையும் இருக்கின்றன. எப்படிப் போட்டாலும் யாராவது முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள்.
– கல்லடி வாசகி

பதில்: தங்கச்சி, ஐந்து கதவு திறக்கும் இடத்தை நான் ஹோல் என்று சொல்ல மாட்டேன். அது கூரை போட்ட ஒழுங்கை. அப்படி ஆனதற்கு உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். சுனாமிக்குப் பின் இலங்கையில் நிரந்தர வீடுகளுக்கு வைத்த குறைந்தபட்ச அளவு 500 சதுர அடி. அதற்குள் இரண்டு அறை, குசினி, கழிவறை எல்லாம் அடங்க வேண்டும் என்றால், தனி நடைவழிக்கு இடம் ஏது? எல்லாக் கதவும் ஹோலுக்குள்தான் வந்து திறக்கும். பிறகு பிள்ளைகள் வளர்கிறார்கள், நாம் ஒவ்வொரு பக்கமாக நீட்டுகிறோம். நம் கிழக்குக் கரையில் கல்லடியிலிருந்து கல்முனை வரை இப்படி வளர்ந்த வீடுகள் எத்தனை! நீட்டிய ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு நடைவழி கேட்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே சோபாவை மறந்துவிடுங்கள். பிள்ளையின் கணிதக் கொப்பியில் சதுரக் கோடு போட்ட ஒரு தாளைக் கிழித்து, ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து ஹோலை வரையுங்கள். காலையில் எழுந்து கிணற்றடிக்குப் போவது, குசினிக்குப் போவது, வாசலுக்கு வருவது என்று வீட்டார் நடக்கும் வழியை எல்லாம் பென்சிலால் கீறுங்கள். உங்கள் படத்தில் நானே கீறிப் பார்த்தேன். முன்கதவிலிருந்து குசினி வரைக்கும் தெற்குச் சுவரை ஒட்டி ஒரே நேர்கோடு. இரண்டு அறைக் கதவும் அதே கோட்டில்தான் இருக்கின்றன. உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தச் சுவரோரமாக 3 அடி அகலத்தை வாசல் முதல் குசினி வரை விட்டுவிடுங்கள். அதில் ஒரு பூச்சாடிகூட வேண்டாம்.

மிச்சம் 7 அடி அகலம். இப்போது மூன்று பேர் இருக்கும் சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் குறுக்கே போடுங்கள். வாசலிலிருந்து 10 அடி தள்ளி, முதுகு குசினிப் பக்கம், முகம் கிழக்குப் பக்கம். ஒரு கைப்பிடி வடக்குச் சுவரில் முட்டட்டும். அதன் நீளம் ஆறரை அடி என்று எழுதியிருக்கிறீர்கள். வழிக்கு மூன்றரை அடி கிடைக்கும். ‘சோபாவின் முதுகு தெரிகிறதே’ என்று ஆட்கள் சொல்வார்கள். தெரியட்டும். அந்த முதுகுதான் உங்கள் வீட்டில் இல்லாத சுவர். வந்தவர் இருக்கும் இடத்தையும் நீங்கள் சாப்பிடும் இடத்தையும் அது பிரித்துவிடுகிறது, ஒரு மூடை சீமெந்து இல்லாமல்.

தொலைக்காட்சியை வடகிழக்கு மூலையில் சற்றுச் சரித்து வையுங்கள். சோபாவில் இருப்பவருக்கு ஏறத்தாழ 7 அடி தூரம் வரும். 43 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் 7 அடி வரை சரி. கிழக்கு யன்னலுக்கு நேர் முன்னால் மட்டும் வைக்க வேண்டாம். காலை வெயில் பின்னாலிருந்து கண்ணில் குத்தும். ‘ஈசான மூலையில் தொலைக்காட்சியா?’ என்று உங்கள் மாமி கேட்கக்கூடும். சாமிப் படத்தை அதே மூலையில், தொலைக்காட்சிக்கு மேலே, தனிப் பலகை அடித்து வைத்துவிடுங்கள். மாலையில் விளக்கேற்றும் அரை மணி நேரம் நாடகம் நிற்கும். அதுவும் நல்லதே.

அந்தச் செற்றில் ஒற்றைக் கதிரை யன்னலருகில் அடங்கும். இரட்டை அடங்காது. அடங்காததை அடக்கப் பார்த்துத்தான் முழங்கால் உடைகிறது. கடையில் மூன்றையும் ஒரே விலைக்குக் கட்டித் தந்தார்கள் என்பதற்காக மூன்றும் ஒரே ஹோலில் வாழ வேண்டும் என்று சட்டம் இல்லை. இரட்டையைப் பெரிய அறைக்குள் போடுங்கள், அல்லது தங்கைக்குக் கொடுங்கள். யன்னலடியில் வைக்கும் ஒற்றையும் துணி போட்டது என்றால் மாரியில் கவனம். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து மழையைத் தூக்கிக்கொண்டு வரும். உங்கள் யன்னல் அதற்கு நேர் எதிரில் நிற்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பிரம்புக் கதிரையே போதும்.

சாப்பாட்டு மேசை புதிய துண்டுக்குள் போகட்டும். ஆனால் நடுவில் போட வேண்டாம், கிணற்றடிக் கதவுக்குப் போகும் வழி மறைந்துவிடும். 5 அடி நீளப் பக்கத்தைத் துண்டின் கிழக்குச் சுவரோடு ஒட்டுங்கள். மேசை 3 அடி, கதிரை இழுத்து இருக்க இரண்டரை அடி, மிச்சம் இரண்டரை அடி நடக்க. நாளாந்தம் நான்கு பேர் தாராளமாக இருக்கலாம். விருந்தாளிகள் வந்தால் மேசையை இழுத்து நடுவில் போடுவது ஒரு நிமிட வேலை.

சோபாவுக்குப் பின்னால் 8 அடிக்கு 7 அடி இடம் மிஞ்சும். அங்கே எதை வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஒன்றும் வைக்காதீர்கள். நம் வீடுகளில் பிள்ளை பெரியபிள்ளையானாலும், கோயிலில் கொடி ஏறி உறவுகள் வந்து தங்கினாலும், ஒரு செத்த வீடு என்றாலும் நாலு பாய் விரிக்க நிலம் வேண்டும். அப்போது சோபாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, இப்போதே ஒரு பாயளவு நிலத்தைச் சும்மா விடுவது மேல்.

கடைசியாக மின்விசிறி. அது பழைய ஹோலின் நடுவில் தொங்குகிறது. நீங்கள் இருக்கப்போவதோ அதற்கு முன்னால். அதைக் கழற்றி முன்பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்க வேண்டாம். அடைத்த விறாந்தைக்குக் கூரை இறங்கித்தான் வரும். மின்விசிறியின் இறக்கை நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே இருக்கவே கூடாது. சுவரில் பூட்டும் விசிறி ஒன்றை வடக்குச் சுவரில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே பூட்டுங்கள். பழையது பாய் விரிக்கும் இடத்துக்கு அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஹோலின் நீளம் 16 அடி. வாசல் உள்ள கிழக்குப் பக்கம் 9 அடி அகலம், மேற்குப் பக்கம் 14 அடி. காணி கோணலாக வெட்டுப்பட்டதால் மேசன் வடக்குச் சுவரை மதிலுக்கு ஒப்பாகச் சரித்துக் கட்டிவிட்டார். உள்வீட்டுக் கதவு தெற்குச் சுவரில், மேற்கு மூலைப் பக்கம். ஆண்கள் வந்து இருக்கும்போது வீட்டுப் பெண்கள் உள்ளே நடமாடச் சிரமப்படுகிறார்கள். மறைப்புக்கு ஒரு பலகைச் சுவர் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா, அக்கா?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: அடிக்க வேண்டாம், தம்பி. கோணல் ஹோலில் இன்னொரு சுவர் வந்தால் இரண்டு கோணல் ஹோல் கிடைக்கும், அவ்வளவுதான்.

சோபாவைத் தெற்குச் சுவரோடு, வாசல் பக்கமாகப் போடுங்கள். உள்வீட்டுக் கதவும் அதே சுவரில் இருப்பதால், அங்கே இருப்பவர் தலையை வெளியே நீட்டி வளைந்து பார்த்தாலொழிய உள்ளே ஒன்றும் தெரியாது. வந்தவர் பார்வை முழுதும் எதிர்ச் சுவரில் இருக்கும். வீட்டுக்காரர் நீங்கள் எதிரே ஒரு கதிரையில் இருங்கள். உள்ளே இருந்து கண் காட்டினால் உங்களுக்கு மட்டும் தெரியும், தேநீர் தயார் என்று. கதவுக்கு ஒரு திரை போதும். மருதமுனைக் கைத்தறியில் தடித்த துணி எடுங்கள். கதவின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது துணி இருந்தால்தான் மடிப்பு விழும். அளவாகத் தைத்த திரை காற்றுக்குப் பறந்து மானத்தை வாங்கும்.

கோணல் சுவருக்கு வருகிறேன். தளபாடம் முழுவதையும் நேரான தெற்குச் சுவருக்கு ஒப்பாகவே அடுக்குங்கள். ஒரு கதிரையைக்கூட வடக்குச் சுவரின் சரிவுக்கு ஒப்பாகத் திருப்ப வேண்டாம். ஒன்று திரும்பினால் தரையின் ஓட்டுக் கோடு, விரிப்பு, மேசை எல்லாமே ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதாகத் தெரியும். வடமேற்கில் அகன்று கிடக்கும் முக்கோணத்தை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அந்த முக்கோணத்துக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. படத்தில் அளந்து பார்த்தேன். உங்கள் வடக்குச் சுவர் மேற்கே போகப் போக ஏறத்தாழ 17 பாகை வடக்காகச் சாய்கிறது. நம் ஊருக்குக் கிப்லாவும், அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசையும், மேற்கிலிருந்து சற்று வடக்காகத்தான். தொழுகை விரிப்பை அந்தச் சுவரின் போக்கிலேயே விரித்தால் ஏறக்குறையச் சரியாக வரும்; மிச்சப் பாகைகளைத் திசைகாட்டியில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நேர் ஹோல் உள்ள வீடுகளில் விரிப்புத்தான் கோணலாகக் கிடக்கும். மேசனைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாவின் வீட்டை நடுவால் மறித்து அக்காவுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி. எனக்கு வந்த ஹோல் 8 அடி அகலம், 22 அடி நீளம். இரண்டு பக்கமும் சோபா போட்டிருக்கிறோம். வந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள்.
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: மிதிக்காமல் என்ன செய்வார்கள், மகள்? 3 அடியும் 3 அடியும் சோபாவுக்குப் போனால் நடுவில் 2 அடி. அதில் ஒன்றரை அடி முழங்கால்கள். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது ஊரறிந்த வழக்கு. இரண்டு பெண்ணைப் பெற்ற வீட்டில் குறுக்குச் சுவர் எங்கே வரும் என்று அத்திவாரம் போடும்போதே யோசித்தால் இந்தக் கடிதம் வந்திராது. படம் வரைய வருபவர்களிடம் நான் இதைக் கேட்டதுண்டு. ‘பிள்ளைக்கு நாலு வயதுதானே’ என்பார்கள்.

22 அடியை ஒரே ஹோலாக நினைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். வாசல் பக்கத்து 11 அடி வந்தவர்களுக்கு, பின் 11 அடி வீட்டாருக்கு. முன் பாதியில் ஒரு சோபாவை இடச் சுவரோடு மட்டும் போடுங்கள், வலப் பக்கம் நடைவழி. பின் பாதியில் மாற்றி, வலச் சுவரோடு இருக்கை, இடப் பக்கம் நடைவழி. நடக்கும் பாதை நடுவில் ஒரு முறை வளையும். வாசலில் நிற்பவர் கண் நேரே கடைசிச் சுவருக்கு ஓடாமல் நடுவில் தங்கும். நீளம் குறைந்ததாகத் தோன்றும். முன் பாதியில் ஒரு பன்பாயைக் குறுக்குவாட்டில் விரியுங்கள், நெடுக்குவாட்டில் வேண்டாம். நடுவில் ஒற்றை விளக்கு இருந்தால் அதை அணைத்துவிட்டு, பாதிக்கு ஒன்றாக இரண்டு விளக்கு போடுங்கள்.

தொலைக்காட்சியைக் கடைசிச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். யாருக்குத் தெரிகிறது? பின் பாதியில் இருக்கைக்கு எதிரே நெடுஞ்சுவரில் மாட்டுங்கள்.

இரண்டாவது சோபாவுக்குப் பதில், கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பின் கொட்டிலில் கிடக்கும் அம்மம்மாவின் முதிரை மர வாங்கு (பெஞ்சு), அதை உள்ளே கொண்டுவாருங்கள். அதன் அகலம் ஒன்றேகால் அடி. சோபாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. மூன்று பேர் இருக்கலாம். முதிரையைக் கறையான் இலகுவில் தொடாது. உப்புத்தாள் தேய்த்து, ஒரு கை வார்னிஷ், மேலே ஒரு மெல்லிய மெத்தை. இதற்கு விலை கொடுத்து இன்று வாங்கப் போனால் தெரியும், நீங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருப்பது என்னவென்று.

கேள்வி: ஹோலில் 6 அடி உயரக் கண்ணாடி அலுமாரி. அதை எங்கே வைத்தாலும் ஒரு யன்னல் மறைகிறது. எந்த யன்னலை மறைக்கலாம்?
– திருக்கோவில் வாசகி

பதில்: எதையும் மறைக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்: மகனின் கிண்ணங்கள், வெளிநாட்டுக் கோப்பைகள், பிறந்தநாள் பொம்மைகள். இவற்றுக்குக் காற்று தேவையில்லை. உங்களுக்குத் தேவை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கு யன்னல் அனலாக ஊதும், உண்மைதான். ஆனால் பிற்பகலில் கிழக்கே கடற்காற்று வந்தால் அது உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வேண்டும். அலுமாரியை அறைக்குள் அனுப்புங்கள். கிண்ணங்களில் நல்ல நாலைந்தைக் கதவு நிலைக்கு மேலே ஒரு பலகை அடித்து வையுங்கள்.

கேள்வி: மாரியில் எங்கள் ஹோலுக்குள் தண்ணீர் வருகிறது. சோபா வாங்கலாமா? மேடும் பள்ளமுமாக இரண்டு மட்டத்தில் ஹோல்.
– கிரான் வாசகர்

பதில்: 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? நிலத்தோடு ஒட்டி நிற்கும் சோபா வேண்டாம். துணிக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் சிப் போர்ட்; ஒருமுறை நனைந்தால் வீங்கி உதிரும், பிறகு விறகுக்கும் ஆகாது. அரை அடியாவது கால் உள்ள மரக் கதிரைகள், கழற்றித் தூக்கக்கூடிய மெத்தைகள் போதும்.

இரண்டு மட்டம் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மேடான பக்கத்தின் விளிம்போடு, சுவரை ஒட்டி, ஒன்றரை அடி உயரத்தில் ஒன்றேமுக்கால் அடி அகலத்தில் ஒரு சீமெந்துத் திண்ணை கட்டுங்கள். பழைய வீடுகளில் வெளியே இருந்ததை உள்ளே கொண்டுவருகிறீர்கள், அவ்வளவே. ஹோலின் கோணல் எப்படியோ அப்படியே அதை வளைத்துக் கட்டலாம். எந்தக் கடைச் சோபாவும் அந்த மூலையில் அவ்வளவு பொருந்தி இருக்காது. தண்ணீர் வந்து போனால் கழுவிவிடலாம். கட்டும்போதே மின் சொருகிகளையும் திண்ணைக்கு மேலே நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று பேர் இருக்கும் சோபா பார்த்து வைத்திருக்கிறோம். எங்கள் வாசல் நிலை 33 அங்குலம். உள்ளே போகுமா?
– கல்முனை வாசகர்

பதில்: கடைக்காரரிடம் கேட்டால் ‘எல்லாம் போகும்’ என்பார். அவருடைய கடைக்கு இரும்புச் சுருள் கதவு, அகலம் 10 அடி. சோபாவின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆழத்தையும் முதுகு உயரத்தையும் அளங்கள். இரண்டில் சிறியதாவது உங்கள் வாசலுக்குள் அடங்க வேண்டும். நிலை 33 அங்குலம் என்றாலும் திறந்து நிற்கும் கதவின் தடிப்புப் போக 31தான் கிடைக்கும். சோபாவின் ஆழம் 36, உயரம் 34 என்றால் கால்கள் கழருமா என்று கேளுங்கள். 4 அங்குலக் கால் கழன்றால் உயரம் 30 ஆகிவிடும், முன்பக்கம் சரித்து உள்ளே எடுக்கலாம். கழராது என்றால் வீட்டுக் கதவைப் பிணைச்சலோடு கழற்ற வேண்டி வரும், அப்போதும் ஓர் அங்குலம் இடிக்கும். வாசலைத் தாண்டியதும் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முற்பணம் கொடுக்கும் முன் அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.